டாஃபோடில் பூக்காத ஊரின் வசந்தம்

சென்ற ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் ஒரு காகிதப் பை குடியேறியது. அதனுள் பத்துக் கிழங்குகள் இருந்தன. பார்வைக்குப் பெரிய வெங்காயத்தைப் போலவே இருந்ததால், "சமையலுக்கு அல்ல" என்று பையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். அவை டாஃபோடில் கிழங்குகள். இணையவழி விற்பனையில் வாங்கியவை. பன்னிரண்டு வாரங்கள் குளிரில் வைத்திருந்து, தை மாதத்தில் தொட்டியில் நட்டால் மதுரையிலும் பூக்கக்கூடும் என்று படித்திருந்தேன்.

பையின் மேல் எழுதி வைத்தது வீண் எச்சரிக்கை அன்று. டாஃபோடில் கிழங்கில் லைகோரின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. வெங்காயம் என்று கருதிச் சமைத்து உண்டவர்கள் வாந்தியும் வயிற்றுவலியுமாக மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் மேலைநாடுகளில் பதிவாகியுள்ளன.

அறுபதைக் கடந்த பொருளியல் ஆசிரியனுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். நான் வசிக்கும் பசுமலை, ஆங்கிலக் கல்விக்குப் பழகிய ஊர். அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கியது இங்கேதான். பின்னரே அது மதுரை நகருக்குள் இடம்பெயர்ந்தது. வேர்ட்ஸ்வர்த் 1807-இல் வெளியிட்ட டாஃபோடில் கவிதையை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய தலைமுறைகள் தமிழ்நாட்டில் பல உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். அந்தப் பூவைக் கண்ணால் காணாமலேயே அதன் அழகைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதியிருக்கிறோம். பணி ஓய்வுக்குப் பிறகு அந்தக் கடனைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணினேன்.

பத்துக் கிழங்குகளில் நான்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயின. ஆறு இலைவிட்டன. இரண்டில் மொட்டு தோன்றியது. அவற்றுள் ஒன்று மட்டும் மாசி மாதத்தின் ஒரு காலைப் பொழுதில் மஞ்சளாக விரிந்து, மறுநாள் நண்பகலில் தலை சாய்ந்தது. அண்டை வீட்டார் வந்து பார்ப்பதற்குள் காட்சி முடிந்துவிட்டது.

தவறு எங்கே என்று தேடியபோது இரண்டு காரணங்கள் தென்பட்டன. முதலாவது, அந்தக் காய்கறித் தட்டிலேயே ஆப்பிளும் வாழைப்பழமும் இருந்தன. பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு, கிழங்கின் உள்ளே உறங்கும் மொட்டைக் கருகச் செய்துவிடும். இது திருத்திக்கொள்ளக்கூடிய பிழை. இரண்டாவது காரணம் மதுரையின் வெயில். அதை யாராலும் திருத்த இயலாது.

டாஃபோடில், நார்சிசஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதன் தாயகப் பகுதிகளுள் முதன்மையானவை. அங்கே கோடை வறட்சியில் கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. அடுத்த பருவத்துக்கான மொட்டு அந்த உறக்கத்தின்போதே கிழங்கினுள் உருவாகிவிடுகிறது. ஆனால் உருவான மொட்டு உடனே வெளிவருவதில்லை. ஏறத்தாழ மூன்று மாதக் குளிரைக் கடந்த பிறகுதான் தண்டு நீளும், பூ விரியும். குளிர்காலம் முடிந்துவிட்டது என்பதை அந்தக் கிழங்கு குளிரை அனுபவித்தே அறிந்துகொள்கிறது. பூத்து முடிந்த பிறகும் ஏறத்தாழ ஆறு வாரங்கள் அதன் இலைகளை அறுக்கக் கூடாது. அந்த இலைகள் சேர்க்கும் உணவே அடுத்த ஆண்டின் பூ.

இந்தியாவிலும் டாஃபோடிலுக்கு இடம் உண்டு. காஷ்மீரத்தில் நர்கிஸ் என்னும் பெயரில் இந்த இனத்து மலர்கள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு அருகே 2007-இல் திறக்கப்பட்ட டூலிப் தோட்டத்தில், டூலிப் மலர்களோடு டாஃபோடிலும் பூக்கிறது. அங்கே பனி உருகி மண் இளகும் காலமே வசந்தம். வைகைக் கரையில் உருகுவதற்குப் பனி ஏது?

அப்படியானால் நமக்கு வசந்தமே இல்லையா? தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பங்குனி பிறந்ததும் வேம்பு தளிர்விட்டுப் பூக்கிறது. புங்கை நிழல் விரிக்கிறது. சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம், வசந்த உற்சவத்துக்காகவே எழுந்தது. அதைச் சுற்றி நீர் தேக்கும் அகழி போன்ற அமைப்பு உண்டு. வெயில் உச்சத்தில் இருக்கும் வைகாசியில், நீரின் நடுவே குளிர்ச்சியான மண்டபத்தில், மணக்கும் மலர்களுக்கிடையே இறைவனை எழுந்தருளச் செய்வதே அந்த விழாவின் கருத்து. ஐரோப்பியருக்கு வசந்தம் குளிரிலிருந்து விடுதலை. மதுரைக்காரருக்கு வசந்தம் வெயிலுக்கு நடுவே தேடிக்கொள்ளும் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியின் பெயர் மல்லிகை.

என் தோட்டத்தின் மேற்குச் சுவரோரம் மூன்று மல்லிகைச் செடிகள் நிற்கின்றன. டாஃபோடில் தொட்டியை நாளுக்கு நான்கு முறை எட்டிப் பார்த்த அந்த மாதங்களில் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. கார்த்திகையில் என் மனைவி ஆள் வைத்துக் கவாத்து செய்திருந்தார். அவ்வளவே நடந்த பராமரிப்பு. பங்குனி இரண்டாம் வாரத்தில் மூன்று செடிகளும் ஒருசேர மொட்டெடுத்தன. அன்று மாலை எழுந்த மணம் வீட்டின் முன்னறை வரை வந்து என்னை வெட்கப்படுத்தியது.

டாஃபோடிலைக் குளிர் எழுப்புகிறது. மல்லிகையைக் கத்தி எழுப்புகிறது. இதுவே மல்லிகை வளர்ப்பின் அடிப்படை. மல்லிகை பழைய கிளையில் பூப்பதில்லை. புதிதாகத் துளிர்க்கும் இளங்கிளைகளின் நுனியிலேயே பூக்கிறது. எனவே ஆண்டுக்கு ஒருமுறை பழைய கிளைகளை வெட்டினால்தான் புதுத்துளிர் நிறைய வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் செடியை வெட்டிவிடப் பரிந்துரைக்கிறது. இதற்குச் சில நாள்களுக்கு முன்பே நீர் விடுவதை நிறுத்திச் செடியை வாடவிடுவது உழவர்களின் வழக்கம். வெட்டிய பிறகு தொழுஉரமிட்டு நீர் பாய்ச்சினால், குளிர்ந்த இரவுகள் முடிந்து வெயில் ஏறும்போது புதுக்கிளைகள் மொட்டுகளோடு எழுகின்றன. மார்ச் முதல் ஜூன் வரை பூப்பின் உச்சம்.

வீட்டில் வளர்க்க விரும்புவோருக்கு என் அனுபவத்தில் கண்ட சில செய்திகளைச் சொல்லலாம். நடுவதற்கு ஜூன் முதல் நவம்பர் வரையிலான காலம் ஏற்றது. நமது பகுதியில் விற்கப்படும் நாற்றுகளில் பெரும்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் இருந்து வருகிறது. பாம்பன் தீவின் மணற்பாங்கான மண்ணில் தண்டுகளை ஊன்றி வேர்பிடிக்கச் செய்து, கட்டுகளாக அனுப்புகிறார்கள். வாங்கும்போது பூ இருக்கிறதா என்று பார்ப்பதைவிட வேர் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

நிலம் இருப்பவர்கள் ஓரடி நீள, அகல, ஆழக் குழி தோண்டி, பத்துக் கிலோ மக்கிய தொழுஉரத்தை மண்ணோடு கலந்து நிரப்பி நடலாம். செடிக்குச் செடி நான்கடி இடைவெளி வேண்டும். மொட்டை மாடி மட்டுமே உள்ளவர்கள் ஒன்றரை அடி அகலத் தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்று கலந்து வைக்கலாம். நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் இன்றியமையாதது. நிழலில் வைத்த மல்லிகை பசுமையாக வளரும், பூக்காது. நீர் தேங்கவும் கூடாது. மேல்மண் காய்ந்த பிறகு நிறைய ஊற்றி வடியவிடுவதே சரியான முறை.

இலைகள் நரம்புகள் மட்டும் பச்சையாக, மற்ற பகுதி மஞ்சளாக மாறினால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. ஒரு லிட்டர் நீரில் ஐந்து கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் சில வாரங்களில் பச்சை திரும்பும். மொட்டில் சிறு துளை தெரிந்தால் மொட்டுப்புழு உள்ளே இருக்கிறது. மொட்டு விரியாமலேயே ஊதா நிறமாகிக் காய்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. மூன்று நான்கு செடிகள் உள்ள வீட்டில் மருந்துக் கடையைத் தேடி ஓட வேண்டியதில்லை. தாக்குண்ட மொட்டுகளை அன்றாடம் கிள்ளி அழித்தும், செடியின் அடிமண்ணைக் கிளறிவிட்டும், வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தும் பெருமளவு கட்டுப்படுத்தலாம். தலையில் சூடவும் குழந்தைகள் தொடவும் போகும் பூவுக்கு நஞ்சு தெளிக்காமல் இருப்பதே நல்லது.

பறிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. மாலையில் விரியப்போகும் மொட்டு, அன்று காலையிலேயே நன்கு பருத்து வெண்மையாகிவிடும். இன்னும் பசுமை மாறாத மொட்டைப் பறித்தால் அது விரியாமலேயே வாடும். சந்தைக்குப் போகும் பூவை விடியலுக்கு முன்பே பறித்தாக வேண்டும். வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்த அவசரம் இல்லை. பாதியைப் பறித்துச் சரம் தொடுத்துவிட்டு, மீதியைச் செடியிலேயே விரியவிடலாம். சந்தையில் எந்த விலைக்கும் கிடைக்காத இன்பம் அது.

ஒருநாள் ஆர்வத்தில், நூறு மொட்டுகளை எண்ணிச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். இருபது கிராமைச் சற்றே தாண்டியது. அப்படியானால் ஒரு கிலோவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மொட்டுகள். அத்தனை முறை ஒரு பெண்ணின் விரல்கள் குனிந்து கிள்ளினால்தான் ஒரு கிலோ பூ சேரும். இந்த எளிய கணக்கு, என் தோட்டத்திலிருந்து என்னைப் பழைய வகுப்பறைக்கு இழுத்துச் சென்றது.

திருமங்கலத்துக்கு அருகே மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், கார்த்திகையில் என்னைப் பார்க்க வந்திருந்தார். பூ எப்படி என்று கேட்டேன். "பூ இருக்கையில் விலை இல்லை ஐயா. விலை இருக்கையில் பூ இல்லை. நீங்கள் வகுப்பில் நடத்தியதுதான்" என்றார். பாதித் தோட்டத்தை அழித்துவிட்டதாகவும், மீதியை இன்னும் ஓராண்டு பார்க்கப்போவதாகவும் சொன்னார். நான் கரும்பலகையில் வரைந்த தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் அவர் தம் நிலத்தில் அனுபவித்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

விளைச்சல் சற்றே குறைந்தால் விலை அதைவிடப் பன்மடங்கு உயரும் என்பதைத் தானியச் சந்தையைக் கொண்டு இங்கிலாந்தில் சார்லஸ் டேவனன்ட் 1699-இலேயே எழுதினார். கிரிகரி கிங்கின் பெயரோடு சேர்த்து அதைக் 'கிங் விதி' என்று பொருளியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. அதன் மறுபக்கம், விளைச்சல் பெருகும்போது விலை அதைவிட வேகமாக வீழும் என்பது. மதுரை மல்லியில் இரு பக்கங்களையும் ஒரே ஆண்டுக்குள் காணலாம். மார்கழி, தை மாதங்களில் குளிராலும் பனியாலும் வரத்து சுருங்கும்போது, கிலோ 3000 ரூபாயைக் கடந்தது என்ற செய்தியைப் பல ஆண்டுகள் படித்திருக்கிறோம். அதே பூ, வரத்து பெருகும் கோடையில் சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும்.

விலை உயர்ந்த நாளில் உழவர் செல்வராகிவிடுகிறார் என்று நாளிதழ் படிப்பவர்கள் நினைப்பதுண்டு. கணக்கு புரிவதற்காகக் கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். தை மாதத்தில் ஒருவருக்கு நாளுக்கு ஒரு கிலோ பூ கிடைத்து, 2000 ரூபாய்க்கு விற்கிறது. பறிகூலி 60, கமிஷன் நூற்றுக்குப் பத்து வீதம் 200, வண்டிச் செலவு 20 போக, மிஞ்சுவது 1720 ரூபாய். சித்திரையில் அதே நிலத்தில் 20 கிலோ பூக்கிறது. விலை கிலோ 150. மொத்த வரவு 3000. ஆனால் பறிகூலி 1200, கமிஷன் 300, வண்டிச் செலவு 100 போக, மிஞ்சுவது 1400 ரூபாய். இருபது மடங்கு பூத்த நாளில் கையில் நிற்பது குறைவு. கோடையில் நீர் இறைக்கும் செலவை நான் இன்னும் கழிக்கவில்லை. விலை மேலும் சரிந்து பறிகூலிக்கே கட்டாது என்ற நிலை வந்தால், பூவைச் செடியிலேயே உதிரவிடுவதுதான் நட்டம் குறைந்த வழியாகிவிடுகிறது.

மற்றப் பயிர்களுக்கும் விலை ஏறி இறங்குகிறதே என்று கேட்கலாம். நெல்லையும் பருத்தியையும் கிடங்கில் வைத்து விலைக்காகக் காத்திருக்க இயலும். ஐரோப்பாவின் வசந்த மலர்களும் அத்தகையவையே. அவற்றின் முதல் கிழங்கில் இருக்கிறது. கிழங்கைச் சேமிக்கலாம், கப்பலேற்றலாம், முன்பேரம் பேசலாம். ஹாலந்தில் டூலிப் கிழங்குகளின் விலை வெறித்தனமாக ஏறி 1637 பிப்ரவரியில் சரிந்த கதை நிகழ்ந்ததற்கு, அந்தப் பொருளைச் சேமித்து வைக்க முடிந்ததும் ஒரு காரணம். மல்லிகைக்கு அந்த வசதி இல்லை. காலையில் பறித்தது மாலைக்குள் விற்றாக வேண்டும். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு விடியலில் மூட்டையோடு வரும் உழவர், "இந்த விலைக்குத் தரமாட்டேன்" என்று திருப்பி எடுத்துச் செல்ல இயலாது. பேரம் பேசும் வலிமை, காத்திருக்கும் வலிமையிலிருந்தே பிறக்கிறது. ஒரு நாளுக்குமேல் தாங்காத பொருளை விற்பவருக்கு அந்த வலிமை குறைவு.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும், நீண்ட காம்பும், நெடுநேரம் நிற்கும் மணமும் அதன் தனித்தன்மைகள். அந்த அங்கீகாரம் நமக்குப் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆனால் புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், விலையைக் காக்காது. வேற்றூர்ப் பூவை மதுரை மல்லி என்று விற்பதைத் தடுக்க அது உதவும். சித்திரைப் பெருக்கில் உண்மையான மதுரை மல்லியே வாங்க ஆளின்றிக் கிடப்பதை அதனால் தடுக்க முடியாது.

எனில் என்ன செய்யலாம்? முதல் வழி, பூக்கும் காலத்தைப் பரப்புவது. எல்லாத் தோட்டங்களிலும் ஒரே வாரத்தில் கவாத்து நடந்தால், எல்லாத் தோட்டங்களும் ஒரே வாரத்தில் பூக்கும். நிலத்தைப் பிரித்து, ஒரு பகுதியை முன்னதாகவும் மறுபகுதியைப் பின்னதாகவும் வெட்டினால் வரத்து ஓரளவு சீராகும். காலத்தை முந்திக்கொள்வதன் பயனை டாஃபோடில் உறவினங்களை வளர்ப்பவர்களும் அறிவார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் உள்ள சில்லி தீவுகளில், மிதமான தட்பவெப்பத்தால் நார்சிசஸ் மலர்கள் குளிர்காலத்திலேயே பூத்துவிடுகின்றன. பிற இடங்களில் பூ இல்லாத அந்த வாரங்களை நம்பியே, அத்தீவினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து லண்டன் சந்தைக்குப் பூ அனுப்பி வாழ்ந்தார்கள். நம் குளிர்காலம் மல்லிகைக்கு எதிரானது என்பதால் முழு வெற்றி கிடைக்காது. எனினும், உச்சத்தையும் பள்ளத்தையும் சற்றே சமன் செய்வதுகூடச் சிறு உழவருக்குப் பெரிய உதவி. இது தனியொருவர் செய்வதைவிட, ஊரளவில் பேசி வைத்துச் செய்யும்போதே பயன் தரும்.

இரண்டாவது வழி, வாடும் பொருளை வாடாப் பொருளாக்குவது. மல்லிகையிலிருந்து 'கான்கிரீட்' என்று தொழிலில் அழைக்கப்படும் நறுமண மெழுகைப் பிரித்தெடுக்கிறார்கள். வாசனைத் திரவியங்களுக்கு அதுவே மூலப்பொருள். குண்டுமல்லியில் ஒரு டன் பூவுக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவாகவே மெழுகு கிடைக்கும். ஆகவே ஆலைகள் பூ மலிவாக இருக்கும்போது மட்டுமே வாங்குகின்றன. இதில் குற்றம் காண்பதற்கில்லை. மலிந்த காலத்தில் ஒருவராவது வாங்குவது நல்லதே. ஆனால் வாங்கும் விலை பறிகூலியையும் நீர்ச் செலவையும் ஈடுகட்டும் ஒரு தரைமட்டத்துக்குக் கீழே போகாதபடி, பருவம் தொடங்கும் முன்பே உழவர் குழுக்களும் ஆலைகளும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அரசு நடுநின்றால் அது இயலாத செயல் அன்று.

மூன்றாவது வழி நம் கையில் இருக்கிறது. நாம் பூ வாங்குவது முகூர்த்த நாள்களிலும் பண்டிகை நாள்களிலும்தான். அன்று விலை ஏறியிருக்கும். ஏறியதற்கு நாமே காரணம் என்பதை மறந்து சலித்துக்கொள்வோம். சித்திரை, வைகாசியில் வெறும் செவ்வாய்க்கிழமையன்று, காரணம் ஏதுமின்றி நான்கு முழம் வாங்கிப் பழகினால் என்ன? மல்லிகை மிக மணப்பதும், மிக மலிவதும், அதை வளர்த்தவர் மிகக் குறைவாகப் பெறுவதும் அந்த மாதங்களில்தான். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மறுநாளும் தாங்கும். ஒரு கிண்ணம் நீரில் மிதக்கவிட்டு முன்னறையில் வைத்தால், இரவு முழுவதும் வீடு மணக்கும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, டாஃபோடிலை நான் முற்றிலும் கைவிட்டேன் என்று வாசகர்கள் கருத வேண்டாம். அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி நம் மண்ணில் இயல்பாக வாழ்கிறது. மழை லில்லி என்று நாற்றுப் பண்ணைகளில் விற்கிறார்கள். சிறிய வெங்காயம் போன்ற கிழங்கு. கோடை வெயிலில் இருக்குமிடம் தெரியாமல் கிடந்து, கோடைமழை பெய்த சில நாள்களில் இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ மஞ்சளாகவோ சட்டென்று எழுந்து நிற்கும். டாஃபோடில் கிழங்குகள் அழுகிய தொட்டிகளில் இப்போது அவற்றை நட்டிருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. ஒரு மழை போதும்.

கோடைமழைக்குப் பிறகு பூத்த அவற்றைப் படமெடுத்து, அந்தப் பழைய மாணவருக்கு அலைபேசியில் அனுப்பினேன். "அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் மணக்காதே" என்று பதில் வந்தது. அவருடைய மீதித் தோட்டம் இந்த ஆண்டு நிற்கிறது. அடுத்த கார்த்திகையில் கவாத்துக் கத்தியை எடுப்பாரா, செடியையே பிடுங்கும் மண்வெட்டியை எடுப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த முடிவில், இந்தக் கோடையில் நாம் வாங்கிய பூவுக்கும் வாங்காத பூவுக்கும் சிறு பங்கு இருக்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)